கிருமியைக் குடித்த டாக்டர்!

இது 1984-ம் ஆண்டு நடந்த உண்மைச் சம்பவம்.

ஆஸ்திரேலியா நாட்டின் மேற்குக் கரையில் பெர்த் என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த ஊர் டாக்டர் ஒருவர் ஒரு குவளையைக் கையில் எடுத்தார். அதில் கலங்கலாக ஏதோ இருந்தது.

அது மருந்து அல்ல. சத்துக் கஞ்சியும் அல்ல. கோடிக்கணக்கான நோய்க் கிருமிகள் அதில் நெளிந்து கொண்டிருந்தன! வயிற்று நோயாளி ஒருவரின் இரைப்பையில் இருந்து எடுத்து வளர்த்த கிருமிகள் அவை.

டாக்டர் அதைக் குடித்து விட்டார்!

அவர் பெயர் பாரி மார்ஷல். அப்போது வயது 32. மனைவி, குழந்தைகள் உள்ள குடும்பஸ்தர். புத்தி பேதலித்தவர் அல்ல. உயிரை வெறுத்தவரும் அல்ல. மனைவியிடம் முன்கூட்டிச் சொன்னால் விடமாட்டார் என்று தெரியும். அதனால் சொல்லாமலே காரியத்தை முடித்து விட்டார்.

குடிப்பதற்கு முன்பு ஒரு ஏற்பாடு செய்து கொண்டார். தம்முடைய வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையைச் சோதிக்கச் சொன்னார். இரைப்பை நன்றாக இருந்தது. புண் இல்லை, வீக்கம் இல்லை, கிருமியும் இல்லை. "நேற்று வரை நன்றாக இருந்த வயிறு இது" என்று காட்டச் சாட்சி வேண்டும் அல்லவா?

ஏன் இந்த விபரீதம்?

பால் வைத்தியம்

வயிற்றுப் புண் என்பது பழைய நோய். நெஞ்சுக்குக் கீழே எரியும். பசித்தால் வலிக்கும். நடுநிசியில் தூக்கத்தைக் கெடுக்கும். முற்றினால் புண்ணில் இருந்து இரத்தம் கொட்டும். சில சமயம் குடலில் ஓட்டை விழுந்து ஆளையே கொன்று விடும்.

இதற்கு என்ன காரணம்?

"கவலை" என்றார்கள். "காரம்" என்றார்கள். "வேளா வேளைக்குச் சாப்பிடாதது" என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "இரைப்பையில் அமிலம் அதிகமாகச் சுரக்கிறது" என்றார்கள். இந்தக் கடைசிக் காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் ஏன் அதிகமாகச் சுரக்கிறது? அதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை.

பதில் இல்லாவிட்டாலும் வைத்தியத்துக்குக் குறைவில்லை. 1915-ம் ஆண்டு சிக்காகோ நகரத்து டாக்டர் சிப்பி என்பவர், மணிக்கு ஒரு தரம் பாலும் பாலேடும் கொடுக்கச் சொன்னார். உலகம் முழுவதும் நோயாளிகள் பாலாகக் குடித்தார்கள். அதிலும் தீராதவர்களுக்கு ஆபரேஷன். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அல்லது இரைப்பைக்குப் போகும் நரம்பை அறுத்தார்கள்.

1976-ம் ஆண்டு சிமெட்டிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது அமிலத்தைக் குறைத்தது. புண் ஆறியது. ஜனங்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குப் புண் திரும்பி வந்தது. மறுபடியும் மாத்திரை. ஆயுள் முழுவதும் மாத்திரை!

மருந்துக் கம்பெனிக்கு அது நல்ல வியாபாரம். நோயாளிக்கு?

பிறந்த நாளில் கண்ட காட்சி

1979-ம் ஆண்டு ஜூன் மாதம். பெர்த் நகர் ராயல் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்ற டாக்டர் இருந்தார். நோயாளிகளின் சதைத் துணுக்குகளைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. அன்று அவருக்கு 42-வது பிறந்த நாள்.

ஒருவருடைய இரைப்பையில் இருந்து எடுத்த துணுக்கைப் பார்த்துக் கொண்டிருந்தார். அதன் மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். கோடு அல்ல, கூட்டம் கூட்டமாகக் கிருமிகள்!

வாரன் திடுக்கிட்டார். ஏனென்றால், "இரைப்பையில் கிருமி வாழாது" என்பது அக்காலத்து டாக்டர்களின் வேதவாக்கு. இரைப்பை அமிலம் அவ்வளவு கடுமையானது. அந்த அமிலக் குளத்தில் விழுந்த கிருமி பிழைக்குமா?

பக்கத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. "வெளியில் இருந்து வந்து ஒட்டிய அழுக்காக இருக்கும்" என்றார்கள். வாரன் விடவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, அடுத்தடுத்துப் பல நோயாளிகளிடம் அதே கிருமியைப் பார்த்தார். கிருமி இருந்த இடத்தில் எல்லாம் இரைப்பையின் உட்சுவர் புண்பட்டு வீங்கியிருந்தது.

1981-ம் ஆண்டு அதே ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார் மார்ஷல். அவர் துடிப்பான இளைஞர். வாரனோ அமைதியானவர். இருவரும் சேர்ந்து 100 நோயாளிகளைச் சோதிக்க முடிவு செய்தார்கள்.

கிருமியைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. தட்டில் வைத்து வளர்த்துக் காட்ட வேண்டும். அதுதான் சாஸ்திர முறை. தட்டில் தடவி 2 நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் முளைக்காது. கழுவி விடுவார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் ஆகியும் இதே கதை.

1982-ம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை வந்தது. சேர்ந்தாற்போல் விடுமுறை. தட்டுகளை யாரும் கழுவவில்லை. அவை அப்படியே கிடந்தன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், தட்டில் கிருமி முளைத்திருந்தது!

அந்தக் கிருமி மெதுவாக வளரும் ஜாதி. 2 நாள் அதற்குப் போதாது. அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளும் முளைக்கும் முன்பே கழுவிக் கொட்டியிருக்கிறார்கள்!

100 பேரைச் சோதித்ததில், சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருந்தவர்கள் 13 பேர். 13 பேரிடமும் கிருமி இருந்தது.

உலகம் நம்பியதா? இல்லை. பெரிய பெரிய நிபுணர்கள் சிரித்தார்கள். பன்றிக் குட்டிகளுக்குக் கிருமியைக் கொடுத்து நோயை உண்டாக்கிக் காட்ட முயன்றார் மார்ஷல். பலிக்கவில்லை. அதன் பிறகுதான் குவளையைத் தம் கையில் எடுத்தார்.

இங்கே இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். கிரீஸ் நாட்டில் மிசோலோங்கி என்ற ஊரில் ஜான் லைக்கூடிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1958-ம் ஆண்டு முதலே அவர் வயிற்றுப் புண்ணுக்குக் கிருமி மருந்து கொடுத்து வந்தார். நோயாளிகள் தேடி வந்தார்கள். ஆனால் 1968-ம் ஆண்டு டாக்டர்களின் விசாரணைக் குழு அவருக்கு அபராதம் போட்டது! அவர் 1980-ல் இறந்தார். இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால், தாம் சொன்னது சரி என்று காதால் கேட்டிருப்பார்.

பத்தாம் நாள்

குடித்து மூன்று நாள் கழிந்தது. மார்ஷலுக்கு வயிறு நிறைந்தாற்போல் இருந்தது. பசி இல்லை. சில நாளில் விடியற்காலையில் எழுந்து வாந்தி எடுத்தார். வாய் நாறியது. வீட்டில் உள்ளவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

வாந்தியில் ஒரு விசித்திரம் இருந்தது. அதில் புளிப்பு இல்லை. அதாவது, அமிலம் இல்லை!

பத்தாம் நாள் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்த இரைப்பை இப்போது சிவந்து வீங்கியிருந்தது. கிருமிகள் குடியேறி இருந்தன.

அப்போதுதான் மனைவி ஏட்ரியனிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்! "உடனே மருந்து சாப்பிடுங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார். மார்ஷல் மருந்து சாப்பிட்டார். குணமானார்.

அவருக்கு வந்தது வீக்கம்தான், புண் அல்ல. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆனால் நல்ல இரைப்பையைக் கெடுக்க இந்தக் கிருமியால் முடியும் என்பது நிரூபணம் ஆகி விட்டது.

1989-ம் ஆண்டு அந்தக் கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் வைத்தார்கள். திருகாணி போல் வளைந்திருப்பதால் முதல் பெயர். இரைப்பையின் வாசலில் வசிப்பதால் இரண்டாம் பெயர்.

சரி. இரைப்பையின் கீழ்க்கோடியில் குடியிருக்கும் ஒரு கிருமி, மேல் பாகத்தில் அமிலம் சுரப்பதை எப்படிக் கூட்டுகிறது? குழாய் போட்டா இழுக்கிறது? இதுதான் அடுத்து எழுந்த கேள்வி. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், வயிற்றுக்குள் ஓடும் தூதர்களைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும்.

இரத்தத்தில் போகும் தூதன்

வாயில் சோறு போட்டதும் இரைப்பைக்கு எப்படித் தெரிகிறது? கண் பார்க்கிறது, மூக்கு மணக்கிறது, நரம்பு சேதி சொல்கிறது. இது ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு என்று 1902-ம் ஆண்டு லண்டனில் கண்டுபிடித்தார்கள். கண்டவர்கள் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள். இவர்கள் சம்பந்திகள், ஸ்டார்லிங்கின் தங்கையைப் பேலிஸ் மணந்திருந்தார். உடம்பின் ஓர் இடத்தில் ஒரு சாறு ஊறுகிறது. அது இரத்தத்தில் கலக்கிறது. வேறோர் இடத்துக்குப் போய், "எழுந்திரு, வேலை செய்" என்று கட்டளை கொடுக்கிறது. இதற்கு ஹார்மோன் என்று 1905-ல் பெயர் சூட்டினார் ஸ்டார்லிங்.

அதே 1905-ல் ஜான் எட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், இரைப்பைக்கும் இப்படி ஒரு தூதன் உண்டு என்றார். இரைப்பையின் கீழ்ப் பாகத்தை அரைத்துச் சாறு எடுத்தார். அதை விலங்கின் இரத்தத்தில் செலுத்தினார். உடனே அமிலம் சுரந்தது! அந்தத் தூதனுக்குக் காஸ்ட்ரின் என்று பெயரிட்டார்.

பாவம், எட்கின்ஸ்! சில ஆண்டுகளில், ஹிஸ்டமின் என்ற வேறொரு பொருளும் அமிலத்தைச் சுரக்க வைக்கும் என்று தெரிந்தது. அந்தப் பொருள் இரைப்பைச் சுவரிலும் இருந்தது. "நீர் கண்டது காஸ்ட்ரின் அல்ல, வெறும் ஹிஸ்டமின்தான்" என்று சொல்லி அவரை ஒதுக்கி விட்டார்கள். 1940-ல் எட்கின்ஸ் காலமானார். 1964-ம் ஆண்டு, லிவர்பூல் நகரில் கிரெகரி என்பவரும் ஹில்டா டிரேசி என்ற பெண்மணியும் பன்றியின் இரைப்பையில் இருந்து காஸ்ட்ரினைத் தூய்மையாகப் பிரித்து எடுத்தார்கள். எட்கின்ஸ் சொன்னது சரிதான்! செத்து 24 ஆண்டு கழித்து ஜெயித்தார்.

இப்போது வயிற்றுக்குள் நடப்பதைப் பாருங்கள்.

இரைப்பையின் கீழ்க்கோடியில் சிறு அணுக்கள் இருக்கின்றன. சோறு வந்து விழுந்ததும் அவை காஸ்ட்ரினை விடுகின்றன. காஸ்ட்ரின் நேராக மேலே போவதில்லை. இரத்தத்தில் கலந்து, இதயத்துக்குப் போய், உடம்பைச் சுற்றி வந்து, அதன் பிறகே இரைப்பையின் மேல் பாகத்தை அடைகிறது. பக்கத்து வீட்டுக்கு எழுதிய கடிதம் ஊர் சுற்றி வந்து சேர்வது போல! ஆனால் இதற்கெல்லாம் அதிக நேரம் ஆவதில்லை.

மேல் பாகத்துக்குப் போன காஸ்ட்ரின் அங்குள்ள அணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அவை ஹிஸ்டமினை விடுகின்றன. ஹிஸ்டமின் சொன்னதும் அமிலம் கொட்டுகிறது. (எட்கின்ஸும் சரி, அவரை மறுத்தவர்களும் பாதி சரி என்பது வேடிக்கை.) இப்படி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது.

அமிலம் கொட்டிக் கொண்டே இருந்தால் வயிறு என்ன ஆகும்? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. காஸ்ட்ரின் அணுக்களுக்குப் பக்கத்திலேயே காவல்கார அணுக்கள் இருக்கின்றன. அமிலம் போதிய அளவு வந்ததும், இவை சொமாட்டோஸ்டாட்டின் என்ற வேறொரு ஹார்மோனை விடுகின்றன. "போதும், நிறுத்து" என்பது அதன் கட்டளை. காஸ்ட்ரின் அடங்கும். அமிலம் குறையும்.

ஒன்று முடுக்குகிறது. மற்றொன்று அடக்குகிறது. வண்டிக்குப் பிரேக் இருப்பது போல.

பிரேக்கைக் கழற்றும் கிருமி

கிருமியிடம் வருவோம்.

அதன் நீளம் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் 3 பங்குதான். ஒரு முனையில் சில வால்கள். அவற்றைச் சுழற்றிக் கொண்டு, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் வழுவழுப்பான கோழையைத் துளைத்து உள்ளே போய்ப் பதுங்கும்.

அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது? நம்முடைய இரத்தத்தில் யூரியா என்ற கழிவுப் பொருள் இருக்கிறது. அது இரைப்பையிலும் கசியும். கிருமி அந்த யூரியாவைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியா அமிலத்தின் கடுமையை முறிக்கும். ஆக, கிருமி தன்னைச் சுற்றி ஒரு குடை விரித்துக் கொள்கிறது! மழை கொட்டும், அது நனையாது.

புதிதாகக் குடியேறும்போது சில காலம் அமிலம் சுரப்பதே குறைந்து விடும். மார்ஷலின் வாந்தியில் புளிப்பு இல்லாததற்கு இதுதான் காரணம். நன்றாக வேர் விட்ட பிறகு, பலருடைய வயிற்றில் கதை தலைகீழாக மாறுகிறது.

1989-ம் ஆண்டு லண்டன் டாக்டர்கள் ஒரு சேதி வெளியிட்டார்கள். வயிற்றுப் புண் உள்ளவர்களில், கிருமி இருப்பவர்களின் இரத்தத்தில் காஸ்ட்ரின் அதிகமாக இருந்தது. கிருமியை மருந்து கொடுத்துக் கொன்றார்கள். காஸ்ட்ரின் இறங்கியது!

அப்படியானால் கிருமி எப்படிக் காஸ்ட்ரினை ஏற்றுகிறது?

முதலில் அம்மோனியாமீது சந்தேகப்பட்டார்கள். "அம்மோனியா அமிலத்தை முறிக்கிறது. காவல்கார அணுக்கள் அமிலம் போதவில்லை என்று ஏமாறுகின்றன. அதனால் சும்மா இருந்து விடுகின்றன" என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. கிளாஸ்கோ நகர் டாக்டர்கள் இதைச் சோதித்தார்கள். கிருமி அம்மோனியா செய்வதை ஒரு மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். காஸ்ட்ரின் குறையவில்லை! நல்ல கதை பொய்த்துப் போயிற்று.

பிறகு வேறு வழியில் தேடினார்கள். கிருமி வந்ததும் உடம்பு அதை எதிர்த்துப் போர் தொடுக்கிறது. வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அவை பல இரசாயனங்களைக் கக்குகின்றன. சண்டை நடக்கும் தெருவில் வீடுகளும் இடிவது போல, காவல்கார அணுக்கள் இதில் அடிபடுகின்றன. சொமாட்டோஸ்டாட்டின் குறைகிறது. அதாவது, பிரேக் தளர்கிறது. அதே இரசாயனங்கள் காஸ்ட்ரின் அணுக்களைத் தூண்டியும் விடுகின்றன.

பிரேக் இல்லாத வண்டி இறக்கத்தில் ஓடினால் என்ன ஆகும்?

கிளாஸ்கோ டாக்டர்கள் அதையும் அளந்து பார்த்தார்கள். சாப்பாட்டின்போது காஸ்ட்ரினை எழுப்பும் ஒரு பொருளை ஊசி மூலம் செலுத்தி, அமிலத்தைக் கணக்கிட்டார்கள். கிருமி இல்லாத ஆரோக்கியமானவர்களுக்குச் சுரந்ததை ஒரு பங்கு என்று வையுங்கள். கிருமி இருந்தும் நோய் இல்லாதவர்களுக்கு அதைப் போல் 3 மடங்குக்கும் மேல் சுரந்தது. கிருமியும் புண்ணும் இருந்தவர்களுக்கு 6 மடங்குக்கும் மேல்! 1995-ல் இந்தக் கணக்கு வெளியானது.

இந்த அதிகப்படி அமிலம் சிறுகுடலின் வாசலில் போய் விழுகிறது. அந்த இடம் அமிலத்துக்குப் பழக்கப்பட்டது அல்ல. தன்னைக் காத்துக் கொள்ள, அது தன் மேல்தோலை இரைப்பைத் தோல் மாதிரி மாற்றிக் கொள்கிறது. கிருமிக்குக் கொண்டாட்டம்! புதுக் குடியிருப்பு கிடைத்து விட்டது. அங்கேயும் போய் உட்காருகிறது. புண் விழுகிறது.

கவலையும் மிளகாயும் இத்தனை காலம் சுமந்த பழியில் பெரும்பங்கு இந்தக் கிருமியுடையது.

ஒரே கிருமி, இரண்டு முகம்

எல்லாருக்கும் இப்படி நடக்கிறதா? இல்லை. அதுதான் விந்தை.

உலக ஜனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆயுளில் வயிற்றுப் புண் வருவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான்.

கிருமி கீழ்க்கோடியில் மட்டும் அட்டகாசம் செய்தால் அமிலம் கூடும். குடல் வாசலில் புண் வரும். அது மேல் பாகம் வரை பரவினால், அமிலம் சுரக்கும் அணுக்களே நாளாவட்டத்தில் அழிந்து போகும். அப்போது காஸ்ட்ரின் எவ்வளவு கூவினாலும் அமிலம் வராது. கட்டளை இருக்கிறது, வேலை செய்ய ஆள் இல்லை!

அமிலம் இல்லாவிட்டால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். இந்த இரண்டாவது வகைதான் அதிக ஆபத்தானது. பல ஆண்டுகள் கழித்து இரைப்பையில் புற்று நோய் வரக்கூடியவர்கள் இவர்களில்தான் அதிகம். 1994-ம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிப் பிரிவு, இந்தக் கிருமியைப் புற்று நோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. குடல் வாசல் புண் உள்ளவர்களுக்கோ இரைப்பைப் புற்று நோய் குறைவாகவே வருகிறது.

பசியைத் தூண்டும் ஹார்மோனையும் கிருமி விட்டு வைக்கவில்லை. 1999-ம் ஆண்டு ஜப்பான் நாட்டு விஞ்ஞானிகள் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். இது பெரும்பாலும் இரைப்பையின் மேல் பாகத்தில் ஊறுகிறது. சாப்பாட்டு வேளை நெருங்கினால் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். கிருமி உள்ள பலருக்கு இந்தக் கிரெலின் குறைந்து காணப்பட்டது. கிருமியை ஒழித்ததும் சிலருக்கு அது ஏறியது. உடம்பும் சற்றுப் பெருத்தது. வேறு ஆராய்ச்சிகளில் அப்படி ஆகவில்லை. விஞ்ஞானிகள் இன்னும் இதில் ஒருமனப்படவில்லை.

இரைப்பைக்கு அப்பால், பெருங்குடலில், கிருமிகள் ஒரு தனி ராஜ்யமே நடத்துகின்றன. அவை பெரும்பாலும் நமக்கு நண்பர்கள். நாம் தின்னும் கீரை, காய், பயறு இவற்றின் நாரைப் புளிக்க வைக்கின்றன. அதில் உண்டாகும் பொருள்கள் குடல் அணுக்களைத் தொட்டு, "வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களை வெளிவரச் செய்கின்றன. அது தனிக் கதை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில்தான் தொற்றுகிறது. அதுவும் வீட்டுக்குள்ளேயே, பெற்றோரிடம் இருந்தும் உடன் பிறந்தவர்களிடம் இருந்தும். எச்சில், வாந்தி, சுத்தம் இல்லாத தண்ணீர் இவை வழிகள். நெருக்கமான வீடு, தண்ணீர்த் தட்டுப்பாடு, கழிப்பிட வசதிக் குறைவு உள்ள இடங்களில் அதிகம். ஒரு பாத்திரத்தில் வாயை வைத்துக் குடித்து விட்டு, அதையே குழந்தைக்குக் கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும். சாப்பிடும் முன்பும், மலம் கழித்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது நல்லது.

கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இப்போது வயிற்றில் குழாய் விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூச்சை ஊதினால் போதும். சிறப்பாகத் தயாரித்த யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதை உடைக்கும். உடைந்ததில் வரும் கரியமில வாயு மூச்சில் வெளிவரும். குடை பிடித்த திருடனை அவன் குடையை வைத்தே பிடிப்பது இது! மலத்தைச் சோதித்தும் கண்டுபிடிக்கலாம்.

மருந்து எளிது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று. கிருமியைக் கொல்லும் மருந்துகள் இரண்டு அல்லது மூன்று. பெரும்பாலும் 14 நாள். ஆயுள் முழுவதும் சாப்பிட்ட நோய்க்கு இரண்டு வார மருந்து! கிருமி ஒழிந்தால் சில வாரங்களில் காஸ்ட்ரின் இறங்குகிறது. காவல்கார அணுக்கள் மறுபடி வேலைக்கு வருகின்றன. புண் திரும்பி வருவது அபூர்வம்.

ஆனால் வலி நின்றதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. பாதி அடிபட்ட கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது. பல நாடுகளில் இந்தத் தொல்லை வளர்ந்து வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று கடையில் வாங்கிச் சாப்பிடுவதும் தவறு.

எல்லா வயிற்றுப் புண்ணுக்கும் கிருமிதான் காரணம் என்றும் எண்ணி விடக் கூடாது. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் அடிக்கடி விழுங்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் இரைப்பையை அரிக்கும். மலம் தார் போல் கருப்பாகப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது புண்ணில் இருந்து இரத்தம் கசியும் அடையாளம்.

வாரன், மார்ஷல் இருவருக்கும் 2005-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. சிரித்த நிபுணர்கள் கை தட்டினார்கள். வாரன் 2024-ம் ஆண்டு, 87-ம் வயதில் காலமானார்.

பனியில் கிடைத்த மனிதன்

இந்தக் கிருமி நேற்று வந்தது அல்ல.

1991-ம் ஆண்டு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில், பனிக்குள் ஒரு மனிதனின் பிரேதம் கிடைத்தது. யாரோ மலை ஏறி வழுக்கி விழுந்தவர் என்று முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தால், அவன் இறந்து 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன! முதுகில் அம்பு தைத்துச் செத்தவன். பனி அவனைக் கெடாமல் வைத்திருந்தது.

அவன் இரைப்பையில் இருந்ததை எடுத்து ஆராய்ந்து, 2016-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அங்கே இருந்தது நம் திருகாணிக் கிருமி! அதன் குலம் கோத்திரத்தையும் தேடினார்கள். இன்றைய ஐரோப்பியர் வயிற்றில் உள்ள கிருமியோடு அது முழுவதும் ஒத்துப் போகவில்லை. வட இந்தியாவில் உள்ளவர்களின் கிருமிக்குத்தான் அது நெருங்கிய உறவாக இருந்தது.

அவன் உடம்பு கிருமியோடு போராடிய அடையாளங்களும் கிடைத்தன. ஆனால் இரைப்பையின் உள்தோல் அழிந்து போயிருந்ததால், அவனுக்குப் புண் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. சாவதற்குச் சற்று முன்பு அவன் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தான். மலையாட்டு இறைச்சி, மான் இறைச்சி, கோதுமை.